தேயாத ஜிங்க்

1. எல்லோரும் சிரித்த நாள்

ரிப்பேருக்காகக் கடலோரச் சாய்தளமான ஸ்லிப்வேயில் ஒரு படகைக் கரையேற்றினால் நான் முதலில் பார்ப்பது அதன் ஜிங்க்கைத்தான். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்தில் செங்கல் அளவுக்குத் துத்தநாகக் கட்டிகளை வெல்டிங் செய்து பிடித்திருப்போம். எங்கள் தொழிலில் அதற்கு ஜிங்க் என்று பெயர். கடல் தண்ணீர் இரும்பைத் தின்ன வரும்போது, இரும்புக்கு முன்னால் போய்த் தன்னைத் தின்னக் கொடுப்பது அதன் வேலை. ஒரு வருஷம் ஓடிய படகைத் தூக்கினால் ஜிங்க் கரையான் அரித்த கட்டை மாதிரி பாதிக்குமேல் காணாமல் போயிருக்க வேண்டும்.

மீனாள் என்ற சரக்குப் படகைத் தூக்கிய அன்று, ஜிங்க் எல்லாம் போன வருஷம் நான் வைத்தபடியே இருந்தது. விளிம்புகூட மழுங்கவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் மண்டல் பாபு விரலால் அதைத் தட்டிப் பார்த்தார். "தேக்கோ டென்ஷன், ஏக் சால் ஹோ கயா, ஜிங்க் ஏக்தம் நயா. மால் அச்சா ஹை."

டென்ஷன் என்றால் நான்தான். வருஷம் ஒன்று ஆகியும் புத்தம் புதுசாம், நல்ல சரக்காம். பக்கத்தில் நின்ற படகு முதலாளிக்கு இன்னும் சந்தோஷம். "அப்ப இந்த வருஷம் புது ஜிங்க் வேணாம்ல? இதையே விட்ருங்க பாபு" என்றார். டீ வந்தது. கூடவே சமோசாவும் வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் குனிந்து அடுத்த ஜிங்க்கைப் பார்த்தேன்.

படகின் என்ஜின் டிரைவர் செல்லையா என் முகத்தைப் பார்த்துவிட்டான். "என்னாடா, ஜிங்க் கரைஞ்சாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறே, கரையாட்டியும் தூக்கி வச்சுக்கிறே. ஒனக்கு என்னாதான் வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் போதும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

2. டென்ஷன் என்று பெயர் வந்தது

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அப்பாவும் அம்மாவும் சிலோன் மலையிலிருந்து கப்பலேறி வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். செல்லையாவின் வீடும் எங்கள் லைன் வீட்டு வரிசையில்தான். எனக்குப் படிப்பு வரவில்லை. ரப்பர் வெட்டப் போனேன். பட்டையைச் சீவும்போது கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் மரம் கெட்டுப் போகும். தொடாமல் விட்டால் பால் குறையும். எத்தனை மெல்லிசு மிச்சமிருக்கிறது என்று கைதான் சொல்ல வேண்டும். எந்நேரமும் பயந்துகொண்டே செய்கிற வேலை அது. என் சுபாவத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

பிறகு போர்ட் பிளேர் வந்தோம். செல்லையா மெஷின் பக்கம் போனான். நான் ஸ்லிப்வேயில் சேர்ந்தேன். முதல் நாள் சிப்பிங் சுத்தியலைக் கையில் கொடுத்து, ஒரு படகின் அடியில் துருவைத் தட்டி எடுக்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு தட்டுக்கும் நிறுத்தி, "பிளேட் உள்ளே போயிடாதே? ஓட்டை விழுந்துடாதே?" என்று பக்கத்து ஆளைக் கேட்டிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் மண்டல் பாபு பெயர் வைத்துவிட்டார். இன்று வரைக்கும் யார்டில் நான் டென்ஷன்தான். சம்பளத்துக்குக் கூப்பிடும்போதுகூட டென்ஷன் என்றே கூப்பிடுவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். ஷாதிபூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். செல்லையாவும் நானும் சேர்ந்து கிளம்பும் நாட்களில் அவன் தெருமுனையிலேயே நின்றுவிடுவான். "போ, போய்ப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு வா. நான் பீடி குடிச்சு முடிக்கிறேன்" என்பான்.

அவன் எதையும் திரும்பிப் பார்க்காதவன். பார்க்கத் தேவையில்லாதவன் என்று சொல்ல வேண்டும். கை செய்வதை மனசு அப்போதே பதிந்துகொள்ளும். பரீட்சை எழுதி என்ஜின் டிரைவர் சர்டிஃபிகேட் வாங்கினான். எங்கள் லைனில் அப்படி ஒன்று வாங்கிய முதல் ஆள் அவன்தான். அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான்.

3. இரும்பு சும்மா இருக்காது

ஜிங்க் என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு சர்வேயர் மேடம். மலையாளி. என்னைவிட வயதில் சின்னவர். பிளேட் எத்தனை கனம் மிச்சமிருக்கிறது என்று கருவி வைத்து அளப்பார். நான் அவருக்காக அந்தந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிக் கொடுப்பேன். ஒருநாள் மழைக்குப் படகின் அடியில் ஒதுங்கி நின்றபோது கேட்டேன்.

"மேடம், உப்புதானே இரும்பைத் தின்னுது?"

"உப்பு வழி விடுது அண்ணா. போறது இரும்புதான். நீங்க இந்தப் பிளேட்டைப் பாக்கறப்ப, அனங்காம, அசையாம இருக்குன்னுதானே தோணும்?"

"ஆமா."

"அப்படியில்ல. உள்ளே இருக்கற அணுவுக்கு நாலு பக்கமும் பிடிச்சுக்க ஆள் உண்டு. மேலே இருக்கறதுக்கு ஒரு பக்கம் காலி. அதுலயும் ஓரத்துல, மூலையில நிக்கறது ரொம்ப லூஸ். அது கழண்டு, மேலேயே நடந்து போய், வேறொரு ஓரத்துல ஒட்டிக்கும். இப்படி நடந்துக்கிட்டே இருக்கும்."

"எப்ப மேடம்?"

"இப்பவும்."

நான் பிளேட்டில் சாய்ந்து நின்றிருந்தேன். நிமிர்ந்துகொண்டேன். மேடம் சிரித்துவிட்டார். ஆனால் கேலி செய்யவில்லை. மேலும் சொன்னார். அணு இங்கிருந்து அங்கே நடந்தால் நஷ்டமில்லை, அதே பிளேட்டில்தான் இருக்கிறது. கடல் தண்ணீர் தொட்டால்தான் வில்லங்கம். லூஸாக நிற்கிற அணு தண்ணீரில் இறங்கிப் போய்விடும். போகும்போது தன் எலக்ட்ரானை இரும்பிலேயே விட்டுவிட்டுப் போகும். பக்கத்தில் வெண்கல ப்ரொப்பெல்லர் இருந்தால் அந்த எலக்ட்ரான் அங்கே போய்ச் செலவாகும். செலவாகச் செலவாக, இரும்பு இன்னும் வேகமாக இறங்கும். அதனால்தான் எந்தப் படகிலும் பின்பக்கம், ப்ரொப்பெல்லரை ஒட்டிய பிளேட், முதலில் கெடுகிறது.

"ஜிங்க் வச்சா?"

"ஜிங்க்குக்கு இரும்பைவிட அவசரம். அது முன்னாடி இறங்கும். அது விட்டுட்டுப் போற எலக்ட்ரான் இரும்புக்கு வரும். அப்ப இரும்பு அணு இடத்தை விட்டுப் போகாது. பெயிண்ட்ல கீறல் விழுந்தாக்கூட, பக்கத்துல ஜிங்க் இருந்தா அந்தக் கீறலையும் பாத்துக்கும்."

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணா. ஜிங்க்கைத் தண்ணி தொடணும். அவ்வளவுதான். தடுக்காம இருந்தாப் போதும்."

அன்று வீட்டுக்கு வந்து எவர்சில்வர் டம்ளரில் காபியை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். இது நம் கண்ணுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று மனைவி பார்வதியிடம் சொன்னேன். "டம்ளர் எங்கயும் போயிடாது. ஆறிப் போகுது, குடிங்க" என்றாள்.

4. வெள்ளைத் தழும்பு

படகின் அடியில் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜிங்க்கின் மேலும் கிரீஸ் தடவி, பழைய பேப்பரை ஒட்டுவது என் வழக்கம். அடித்து முடித்ததும் பேப்பரை உரித்துத் துடைத்துவிடுவேன். மேடம் சொன்ன பிறகு இந்த வேலையை நான் வேறு யாரிடமும் விடுவதில்லை.

எல்லோரும் சிரித்த நாளுக்கு முந்தின வருஷம். மீனாள் இறங்க வேண்டிய நாள். எங்கள் பக்கம் படகு இறங்கும்போது பூஜை உண்டு. தேங்காய், எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் வரும். படகுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அன்று முதலாளியின் சொந்தக்காரர்கள் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தார்கள். காலையில் மண்டல் பாபு ஒரு சுற்று வந்தார். நான் பேப்பரை உரித்து முடித்திருந்தேன். புதுச் சிவப்புப் பெயிண்டில் ஜிங்க் எல்லாம் வெளிறித் தெரிந்தது.

"யே க்யா ஹை? பூரா சஃபேத் தாக் லக் ரஹா ஹை" என்றார். உடம்பெல்லாம் வெண்குஷ்டம் மாதிரி இருக்கிறதாம். போட்டோவில் அசிங்கமாக விழுமாம். பெயிண்டரைக் கூப்பிட்டு, ஜிங்க் மேலும் ரோலர் ஓட்டச் சொன்னார்.

"பாபு, உஸ்கே ஊபர் பெயிண்ட் நஹீ. ஜிங்க் மர் ஜாயேகா" என்றேன். அதன் மேல் பெயிண்ட் கூடாது, ஜிங்க் செத்துவிடும் என்று.

"ஜிங்க் பீ மர்தா ஹை? துமாரா பீவி டீக் போல்தி ஹை, டென்ஷன்."

ஜிங்க் சாகுமா, உன் மனைவி சொல்வது சரிதான் என்றார். டம்ளர் கதையை நான் யார்டிலும் சொல்லியிருந்ததால் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெயிண்டர் சின்னப் பையன் இல்லை, எங்களைப்போல வயதான ஆள். என்னைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார், ரோலரை எடுத்தார். இரண்டு கோட் அடித்தார். கடல் ஏற்றம் முழுசாக வந்ததும் மீனாள் இறங்கிவிட்டது. தண்ணீருக்குள் போன பிறகு சுரண்ட முடியாது.

செல்லையாவிடம் அன்றே சொன்னேன். அவன் முதலாளியிடம் போய்ச் சொன்னான். "அடுத்த டாக்கிங்ல கரையேத்தறப்ப பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது.

அப்படி வருஷம் முழுக்க ஜிங்க்கைத் தண்ணீர் தொடவேயில்லை. தொடாததால்தான் தேயவில்லை. அதைப் பார்த்துத்தான் மறு வருஷம் எல்லோரும் சமோசா தின்றார்கள்.

ஜிங்க் தேயவில்லை என்றால் அதன் பங்கை வேறு ஏதோ ஒன்று கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிரிப்புக்கு நடுவே நான் படகின் பின்பக்கம் போனேன். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்துக்கு மேலே கொட்டலசு அப்பிக் கிடந்தது. கடல் பாறையில் ஒட்டுமே, அந்தச் சின்னச் சிப்பி. அதைச் சீவிவிட்டு, நான் இன்னும் கூடவே வைத்திருக்கும் ரப்பர் கத்தியின் முனையை வைத்தேன். முனை உள்ளே இறங்கியது. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. கட்டைவிரல் நுனி பதிகிற அளவுக்கு அம்மைத் தழும்பு மாதிரி ஒரு கூட்டம்.

மண்டல் பாபுவைக் கூட்டிக் காட்டினேன். அளக்கிற ஆள் வந்தார். சர்வேயர் மேடம் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவர் டிராயிங்கில் குறித்திருந்த இடங்களில் மட்டும் கருவியை வைத்தார். அங்கெல்லாம் கனம் சரியாக இருந்தது. குழிகள் டிராயிங்கில் இல்லாத இடத்தில் இருந்தன. மேலே ஒரு பிளேட் போட்டு வெல்டிங் செய்ய வேண்டும் என்றேன். சரக்கு புக் ஆகிவிட்டது, நேரமில்லை என்றார்கள். எபாக்ஸி புட்டியை வைத்து அடைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தார்கள். பார்க்க வழவழவென்று அழகாக இருந்தது.

ஜிங்க் மேல் இருந்த பெயிண்டை மட்டும் நான் சுரண்டி எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. அந்தத் தடவை போட்டோ எடுக்க ஆள் வரவில்லை.

5. பம்பூஃபிளாட் சேறு

மீனாளின் என்ஜின் ரூமில் டெக் கழுவ ஒரு பம்ப் உண்டு. அதற்குக் கடல் தண்ணீர் இழுக்க அடியில் ஒரு வால்வ். மீனாள் மறுபடி இறங்கிச் சில மாதம் கழித்து அந்தப் பம்பைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். குழாய் வாய் திறந்து கிடந்தது. கடலுக்கும் என்ஜின் ரூமுக்கும் நடுவில் அந்த ஒரு வால்வ்தான். இதைச் செல்லையா என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பார்க்கும்போதெல்லாம், "வால்வ மூடினியா?" என்று கேட்பேன்.

"இல்லடா, தொறந்துதான் வச்சிருக்கேன். மீன் வந்தா பிடிக்கலாம்னு" என்பான்.

ஒரு முற்பகல். மீனாள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு சாத்தம் துறையிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என்ஜின் ரூமில் தண்ணீர் ஏறியது. செல்லையா இறங்கிப் பார்த்தபோது, ஷாஃப்டுக்குப் பக்கத்தில் பிளேட்டிலிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறது. புட்டி விட்டுவிட்டது. மரக்கட்டையைச் சீவி, சாக்கைச் சுற்றி, சுத்தியலால் அடித்து இறக்கினான். ஓட்டையின் ஓரம் அடிக்க அடிக்கப் பிஸ்கட் மாதிரி உடைந்தது என்று பிறகு சொன்னான். அதற்கும் மேலே இன்னொரு சாக்கு. என்ஜின் முங்குவதற்குள் படகை எதிர்க்கரைப் பக்கம் திருப்பச் சொல்லி, பம்பூஃபிளாட் பக்கத்துச் சேற்றில் ஏற்றிவிட்டார்கள். ஆழத்தில் போயிருந்தால் படகும் ஆட்களும் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைக்க எனக்குத் தைரியமில்லை.

செய்தி கேட்டு நான் சாத்தத்திலிருந்து ஃபெர்ரி பிடித்துப் போனேன். கடலில் வற்றம் ஆரம்பித்துப் படகு ஒருக்களித்துக் கிடந்தது. ஆட்கள் எல்லோரும் கரையில் நின்றார்கள். நான் தனியாக என்ஜின் ரூமில் இறங்கினேன். முழங்கால் அளவு எண்ணெய்த் தண்ணீர். நேராகப் போய் அந்த டெக் பம்ப் வால்வின் சக்கரத்தைப் பிடித்து மூடுகிற பக்கம் திருப்பிப் பார்த்தேன். இறுகி இருந்தது.

கரைக்கு வந்தேன். செல்லையா துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வால்வு மூடித்தான் இருக்கு" என்றேன்.

"அடப்பாவி, முங்குற படகுல எறங்கி அதையுமாடா பாத்துட்டு வந்தே?" என்று சிரித்தான். டீ சிந்தியது. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

6. ஒரு பிளேட், ஒரு கையெழுத்து

மீனாளை இழுத்து எங்கள் ஸ்லிப்வேக்கே கொண்டுவந்தார்கள். இன்சூரன்ஸ் ஆள் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். அவர் வருவதற்கு முன்னால் அந்த ஓட்டையின் மேல் பெரிய பிளேட் ஒன்று வந்துவிட்டது. நான் முன்னால் கெஞ்சிக் கேட்டபோது நேரமில்லை என்று சொன்ன அதே பிளேட். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் வெல்டிங். மேலே பெயிண்ட்.

படகு கம்பெனி மேனேஜர் ராமநாதபுரத்துக்காரர். மரியாதையாகப் பேசுவார். நான் அவர் ஆபீசுக்குப் போனேன். ஜிங்க், பெயிண்ட், குழி, புட்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அவருக்கு ஒன்றும் புதிதில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, நீங்க சொல்றது அத்தனையும் நெசம். நான் இல்லேங்கல. ஆனா இரும்பு அரிச்சுப் போச்சுன்னு எழுதினா இன்சூரன்ஸ்காரன் தரமாட்டான். அது தேய்மானமாம், ஓனர் பாத்துக்கணுமாம். ஆளு தப்புப் பண்ணிட்டான்னு எழுதினாத் தருவான். பாலிசியே அப்படித்தான்ணே இருக்கு. நானா எழுதினேன்?"

"அதுக்கு?"

"டெக் பம்ப் வால்வ செல்லையா மறந்து தொறந்து வச்சுட்டாரு. அவ்வளவுதான். மறதி யாருக்கும் வர்றதுதானண்ணே."

"மூடியிருந்துச்சு சார். நான் எறங்கிக் கையால திருப்பிப் பாத்தேன்."

"அப்பக் கூட யாருண்ணே இருந்தா?"

"யாருமில்ல."

அவர் கையை விரித்தார். "அப்புறம் எப்படிண்ணே?"

செல்லையாவிடம் என் கண்முன்னால்தான் பேசினார்கள். சர்டிஃபிகேட்டைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்களாம், அதுவரைக்கும் முதலாளி கரையில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பாராம். வால்வை மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடாவிட்டால் மீனாள் திரும்பக் கடலுக்குப் போகாது, அதை நம்பி இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை இல்லை. படகு ஆட்கள் வாசலில் நின்றார்கள். அவர்களைச் செல்லையாதான் சேற்றில் ஏற்றி உயிரோடு கரைசேர்த்திருந்தான். அவர்களில் ஒருத்தர், "அண்ணே, பாத்துச் செய்ங்கண்ணே" என்றார். பாத்துச் செய்வதென்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

செல்லையா பேனாவை வாங்கினான். என்னைப் பார்த்து, "அப்ப நாந்தான்டா ஜிங்க்" என்றான்.

ஜிங்க் கரைந்துபோனால் அடுத்த டாக்கிங்கில் அதே இடத்தில் புது ஜிங்க் வைப்போம். அவன் வீட்டுக்கு அப்படி எதையும் யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. கரை வேலை கொஞ்ச மாதம் இருந்தது. பிறகு, அஜாக்கிரதை என்று ரிப்போர்ட்டில் வந்த ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று மேனேஜரே வருத்தப்பட்டுச் சொன்னார். நிறுத்தி வைத்த சர்டிஃபிகேட் திரும்பி வரவில்லை. அவன் வேலை கேட்கப் போன ஒவ்வொரு படகிலும், வால்வ் செல்லையாவா என்று கேட்டார்கள். மீனாள் ஓடுகிறது. மண்டல் பாபு பதவி உயர்ந்து ரிட்டயர் ஆனார். நான் போய் மாலை போட்டேன். போடாமல் இருக்க எனக்குத் தைரியமில்லை.

7. குட்வில் எஸ்டேட்

செல்லையா இப்போது போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட் என்கிற பகுதியில் ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேன். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று வால்வைத் திறந்து தொட்டியை நிரப்பி மூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒருநாள் பேசிக்கொண்டிருந்தவன் எழுந்து போனான். வந்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தான்.

"எங்கடா போறே?"

"வால்வு மூடினேனான்னு பாத்துட்டு வாறேன்."

"இப்பத்தானே பாத்தே?"

"பாத்தேன்தானே?" என்று என்னையே கேட்டான்.

தெருமுனையில் பீடியோடு நின்று என்னைக் கேலி செய்தவன் அவன். அவன் மூன்றாம் தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"டேய், மீனாள்ல அந்த வால்வு. நான் மூடித்தான் வச்சிருந்தேனா?"

"என்னா பேசுறே? ஓட்டையை அடைச்சதே நீதானே?"

"ஓட்டை இருந்துச்சு. சரி. அதோட வால்வும் தொறந்து கிடந்திருந்தா? எல்லாரும் ஒண்ணாச் சொல்றாங்கதானே. பேப்பர்ல நானே எழுதிக் குடுத்திருக்கேன்தானே."

"நான் எறங்கிப் பாத்தேன் செல்லையா. இறுகித்தான் இருந்துச்சு. கையால திருப்பிப் பாத்தேன்."

அவன் கையை நீட்டி, காற்றில் ஒரு சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"திருப்பினேதானே?" என்றான். "எந்தப் பக்கம் திருப்பினே?"

மூடுகிற பக்கம்தான் திருப்பினேன். சக்கரம் அசையவில்லை. இதை எழுதும்போதும் அசையவில்லை என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அவன் கேட்டதிலிருந்து, பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, என் கை அந்தச் சக்கரத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்க்கிறது. நூறில் ஒரு பங்கு அசைந்ததோ? நான் பயந்தவன். பயந்தவன் கை சும்மா தொட்டுப் பார்க்குமா, இறுக்கிவிடுமா?

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் இரண்டு சொல்வேன். ஜிங்க் மேல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். அது தேயாமல் முழுசாகத் திரும்பி வந்தால் சந்தோஷப்படாதீர்கள், வேறு எது தேய்ந்தது என்று தேடுங்கள். இது முதலாவது. இதை எந்த சர்வேயரும் சொல்லிக் கொடுப்பார்.

இரண்டாவதை யாரும் சொல்லிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு வால்வைப் பார்க்கப் போனால் கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கையையும் அந்தச் சக்கரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தனியாக இறங்கிப் பார்த்தது உண்மையாகவே இருந்தாலும் ஒருவருக்கும் உதவாது. கொஞ்ச நாள் போனால், பார்த்தவனுக்கே உதவாது.